பெயர் திருத்தம்

நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போகத்தான்
இந்த நோய் என்றார் பேராசிரியர், எடின்பரோவில்,
ஸ்காட்லாந்தின் மேல் கோலை ஊன்றி.
பிறகு அதைச் சரசரவென்று கீழே இறக்கி
என் தீவின் மேல் நிறுத்தினார்.
'அங்கே போய் யாருக்கு வைத்தியம் பார்ப்பாய், பூங்கோதை?'
வகுப்பு சிரித்தது. நானும்தான்.

தொண்ணூற்றாறில் சிங்கப்பூர் திரும்பினேன்.
முதல் ஆண்டு பதினொரு பேர்.
நரம்பின் மேலுறை உரிந்த பதினொரு பேரை
ஒரு பச்சைக் கோப்பில் வைத்திருந்தேன்,
அபூர்வத் தபால்தலை சேர்க்கிறவளைப் போல.
இந்த உவமைக்கு இன்று கூசுகிறது. அன்று கூசவில்லை.

இங்கே வெயிலும் ஒரு பரிசோதனைக் கருவி.
ரயிலிலிருந்து இறங்கி நிழலில்லாத நூறு மீட்டர்,
அதற்குள் புளோக் எண் கண்ணில் அழிந்துவிடும்.
மின்தூக்கிப் பக்கத்தில் உட்கார்ந்து
உடம்பு ஆறினால் எண் திரும்ப வரும்.
இதை எனக்குச் சொன்னவள் ரொஹானி,
தெம்பனிஸ் தொடக்கப்பள்ளியில் கணக்கு டீச்சர்.
என் அட்டவணையில் ஏழாம் எண்.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி.
தொடை, வயிறு, தொடை.
ஊசி தொடங்கிய ஆண்டே இடக்கண் போயிற்று.
அடுத்த ஆண்டு இடுப்புக்குக் கீழே மரத்து
ஐந்து வாரம் படுக்கை.
'விடாதீர்கள்,' என்றேன், 'போட்டுக்கொண்டே இருங்கள்.'
ஸ்கேனில் தண்டுவடத்து வெள்ளைக் கறை
மூன்று முள்ளெலும்பு தாண்டி நீண்டு கிடந்தது.
பாடநூலில் அவ்வளவு நீளமில்லை.
அடிக்குறிப்பில் போட்டேன்:
வழக்கத்துக்கு மாறானது.

நாற்பத்து மூன்று பேரின் அட்டவணை அச்சேறியது.
இணைப் பேராசிரியர் ஆனேன்.
கதவில் பித்தளையில் என் பெயர்.

பிறகு எங்கோ ஒரு குளிர்தேசத்து ஆய்வகத்தில்
வேறொரு எதிர்பொருளைக் கண்டுபிடித்தார்கள்.
உறைபெட்டியில் வருடக்கணக்காகக் கிடந்த
என் ரத்தக் குழாய்களைப் பொதிந்து அனுப்பினேன்.
பதில் வந்த மாலை
வார்டுக்குள் டுரியான் கொண்டுவந்த யாரோ
திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.
பதினான்கு பேருக்கு நான் வைத்த பெயர் தவறு.
ஏழாம் எண்ணுக்கும்.
அந்த ஊசி அவர்களுக்கு ஆகாது.
ஆகாது என்பது மிதமான சொல். விசிறிவிட்டிருக்கிறேன்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன்.
நர்ஸ் சியூ லானைக் கூடவே இருக்கச் சொன்னேன்,
அவர்களுக்காக இல்லை.

ரொஹானி தொடையை ஒருதரம் தடவிக்கொண்டாள்.
'பழைய பெயரைச் சரியாகச் சொல்லவே
எங்கம்மாவுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, டாக்டர்.
இது அதைவிட நீளமா?'
நீளம்தான் என்றேன்.
கண் திரும்புமா என்று அவள் கேட்கவில்லை.
கணக்கு டீச்சர். ஏற்கெனவே கழித்துப் பார்த்திருப்பாள்:
ஆறு வருடம், ஆயிரத்துச் சொச்சம் ஊசி,
மீதி ஒரு கண்.

திருத்தக் கட்டுரை எழுதினேன்.
முதல் கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.
இரண்டாவது, தேடினால் கிடைக்கும்.

வேறு மருந்து. இருபது வருடமாகத் தாக்குதல் இல்லை.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறாள்.
தாழ்வாரத்தில் இருபத்தைந்து அடிக்கு மஞ்சள் டேப்;
எத்தனை விநாடியில் கடக்கிறாள் என்று
படிவத்தில் ஒரு கட்டம்.
போன செவ்வாய்க்கிழமை
நான் பொத்தானை அழுத்துமுன்பே நடக்கத் தொடங்கிவிட்டாள்,
ஒரு கை சுவரோரம், பை தோளில்,
செருப்பு ஒன்று மட்டும் தரையை உரச.
அந்தக் கோடியில் திரும்பி நின்று
'எவ்வளவு, டாக்டர்?' என்றாள்.

தெரியவில்லை என்றேன்.